மூலையிலிருந்து நாலாவது மனை

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு வந்து வெறுமனே வேலாயுதம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பத்திரம் வேலாயுதம் என்று கேட்டால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனே கூட்டிவந்து விட்டுவிடுவார். அந்தப் பட்டப்பெயரை யாரும் கேலியாக வைக்கவில்லை, மரியாதையாகத்தான் வைத்தார்கள். கேலி பிற்பாடு வந்தது. புதுப் பெயர் தேடும் சிரமம் யாருக்கும் வேண்டாம் என்று அதே பெயரிலேயே வந்தது.

கம்பெனியில் நான் இன்ஸ்பெக்டர். போலீஸ்காரருக்கு உள்ள மிடுக்கெல்லாம் உண்டு, லத்திக்குப் பதில் வெர்னியர் அளவுகோல். லேத்தில் கடைந்து வரும் இரும்புத் தண்டுகளை அளந்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்புவேன். கடைந்தவன் அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்க மாட்டான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் சொல்வேன்: அளப்பது பெரிதில்லை, எங்கேயிருந்து அளக்கிறோம் என்பதுதான் பெரிது, தொடங்குகிற இடம் தப்பினால் மிச்சமெல்லாம் தப்பு. இதைச் சொல்லும்போது ஒரு விரலை உயர்த்திக்கொள்வேன். அந்த விரலை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி. மைசூருக்கு வந்து ஐ.டி.ஐ. படித்து, வேலையில் சேர்ந்து, எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெண்ணான சொர்ணலதாவைக் கட்டிக்கொண்டு, என்.ஆர். மொகல்லாவில் ஒரு சந்துக்குள் வாடகைக்குக் குடியிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு கட்டளைதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எங்கள் கல்யாண போட்டோவும் சாமி படங்களும் வருஷக்கணக்காக ஜன்னல் திட்டில் சாய்ந்தே நின்றன. சொர்ணலதா வீடு வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. “ஒரே ஒரு ஆணி, யாரையும் கேக்காம அடிக்கோணுங்க” என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். அந்த ஆணிக்காகத்தான் இத்தனையும்.

1993இல் மனை தேட ஆரம்பித்தோம். மைசூர்த் தரகர்கள் காட்டும் எல்லா மனையிலிருந்தும் சாமுண்டி மலை விளக்கு தெரியும். பகலில் கூட்டிப்போய்ச் சொல்வதால் நாமும் மறுத்துப் பேச முடியாது. சித்தையன் என்ற தரகர் எங்களை ஊருக்கு மேற்கே ஒரு புது லேஅவுட்டுக்கு அழைத்துப் போனார். ராகி விளைந்த நிலம். மண் ரோடு போட்டுக் கல் நட்டிருந்தார்கள். ஒரு வீடுகூட இல்லை. ஒரு தெருவின் மேற்கு முனையில் நின்று, “மூலையிலிருந்து நாலாவது, நம்பர் நூற்றுப் பதினெட்டு” என்று கையை நீட்டினார். முப்பதுக்கு நாற்பது, வடக்குப் பார்த்தது. நான் மூலையிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்துபோய் நாலாவதில் நின்றேன். அன்றைக்குச் சரியாகத்தான் எண்ணினேன். அதைச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு தொடங்கியது என் கேள்விப் படலம். மூலப்பத்திரம் எங்கே? விவசாய நிலத்தைக் குடியிருப்பாக மாற்றிய உத்தரவு உண்டா? லேஅவுட்டுக்கு அனுமதி இருக்கிறதா? மனைமேல் கடனோ அடமானமோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று எத்தனை வருஷத்துக்கு? பதிமூன்று போதும் என்றார் வக்கீல். நான் முப்பது கேட்டேன். விற்கிறவருக்கு எத்தனை பிள்ளைகள், பெண்மக்களும் கையெழுத்துப் போடுவார்களா, வரி கட்டும் காதா யார் பேரில் இருக்கிறது, இந்த வருஷ வரியான கந்தாயம் கட்டியாயிற்றா? நான் உள்ளே நுழைவதைப் பார்த்தாலே வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொள்வார். விற்கிறவருடைய பெரியப்பா மகன் ஒருவர் அரசிகெரேயில் இருந்தார். அவருக்கு அந்த நிலத்தில் ஒரு பங்கும் கிடையாது. இருந்தாலும் அவரிடமும் ஒரு கையெழுத்து வாங்கித் தரச் சொன்னேன். ஆளை விட்டால் போதும் என்று அவரும் போட்டுக் கொடுத்தார்.

பத்திரம் கைக்கு வந்த சாயங்காலம் சொர்ணலதாவை எதிரே உட்காரவைத்து, கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் முழுக்கச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில் செக்குபந்தி வந்தது, அதாவது நான்கு பக்கத்து எல்லை. வடக்கே ரோடு, தெற்கே பின்தெரு மனை, மேற்கே நூற்றுப் பதினேழு, கிழக்கே நூற்றுப் பத்தொன்பது. அங்கேதான் அவள் கை நின்றது.

“கெழக்கால நூத்திப்பத்தொம்பதுன்னு போட்டிருக்குதே, அது யாருதுங்க?”

சட்டத்துக்கு நம்பர் போதும், ஆள் வேண்டாம் என்றேன். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டாள். அது சட்டத்தில் வருகிற கேள்வி இல்லை, பொம்பளைகள் கேட்கிற கேள்வி என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் அந்த விரலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் கம்பெனியில் என் புகழ் பரவியது. கேன்டீனில் நான் உட்காரும் மேஜை ஒரு சின்ன வக்கீல் ஆபீஸ் ஆகிவிட்டது. முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கெல்லாம் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். பத்திரம் பதிவாகிவிட்டது, இனிப் பயமில்லையே என்பார்கள். பதிவு ஆபீஸ் பத்திரத்தைப் பதியும், விற்கிறவனுக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது உன் பாடு என்பேன். காதா என் பேருக்கு மாறிவிட்டதே என்பார்கள். அது வரி கட்டுவதற்கு, உரிமைக்குப் பத்திரம்தான் என்பேன். பவர் வைத்திருப்பவரிடம் வாங்கலாமா என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டு வா என்பேன். கிரய ஒப்பந்தம் போட்டாயிற்று, வீட்டு வேலையைத் தொடங்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஒப்பந்தம் நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி கட்டுகிறவரைக்கும் பெண் அவர்கள் வீட்டுப் பெண்தான் என்றேன். இதை இரண்டு பேர் மறுநாள் வேறு ஷிஃப்டில் போய்ச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் மேஜையில் செந்தில்நாதன் என்று ஒருவர், வாயைத் திறந்தால் குதர்க்கம். “ஏம்ப்பா பத்திரம், தெரியாம அடுத்தவன் சைட்டுல வீட்டைக் கட்டிட்டா என்ன ஆகும்?” என்று ஒருநாள் கேட்டார். மண் யாருடையதோ சுவர் அவருக்குத்தான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படிக் கட்டுகிற மடையனும் இந்த ஊரில் இருக்கிறானா என்று ஒரு வாலையும் சேர்த்தேன். மேஜை முழுக்கச் சிரித்தது, நான்தான் கடைசியாகச் சிரித்து முடித்தேன்.

கையிலிருந்தது எல்லாம் மனைக்கே போய்விட்டதால் இரண்டு வருஷம் அந்தப் பக்கம் போகவில்லை. பார்த்தால் கட்ட ஆசை வரும், ஆசை வந்தால் தூக்கம் போகும். 1995 தசரா லீவில்தான் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். தெரு முனையில் இப்போது காம்பவுண்டு, கேட்டு, செம்பருத்திச் செடிகளோடு பெரிய வீடு ஒன்று வந்திருந்தது. வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றாள் சொர்ணலதா. என் மனை எங்கே இருக்கிறது என்று நான் இன்னொருவரைக் கேட்பதா? விரலை நீட்டி எண்ணினேன். மூலை வீடு ஒன்று. அடுத்த காலி மனை இரண்டு. மூன்று. நாலு.

கல்லில் எழுதியிருந்த எண்களை மழை கழுவிவிட்டிருந்தது. அதனால் என்ன, நான் இன்ஸ்பெக்டர் அல்லவா? கம்பெனி டேப்பை எடுத்து அளந்தேன். முப்பது, நாற்பது, ஒரு விரல்கடை கூட இல்லை, குறைவும் இல்லை. அடுத்த வாரம் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் கொண்டுபோய் நாலு மூலைக் கல்லிலும் 118 என்று அழகாக எழுதினேன். அதற்குப் பிறகு எப்போது போனாலும் முதல் காரியமாக அந்த எண்ணைப் படித்துப் பார்த்து, மனை சரிதான் என்று திருப்திப்பட்டுக்கொள்வேன்.

பி.எஃப். பணமும் சொர்ணலதாவின் வளையல்களும் சேர்ந்து 1996 தை மாதம் பூமி பூஜை ஆயிற்று. கெம்பையன் என்ற மேஸ்திரி கடைக்கால் தோண்டினார். மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்டார். மேற்குப் பக்கம் ஒரு காலி மனை கிடந்தது. அங்கே கொட்டச் சொன்னேன். எந்தப் புண்ணியவானோ வாங்கிப் போட்டுவிட்டு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, அவனுக்குத் தெரியவா போகிறது என்றேன். கல், வேர், பார்த்தீனியச் செடி, உடைந்த செங்கல், சிமெண்டுப் பை எல்லாம் அந்தப் புண்ணியவான் மனைக்கே போயின.

சுவர் எழும்பத் தொடங்கியதும் தண்ணீர் விடும் பொறுப்பைச் சொர்ணலதா எடுத்துக்கொண்டாள். பச்சைச் சுவரைக் காயவிட்டால் வெடித்துவிடும். மூலை வீட்டுக்காரர் தன் போர்வெல்லிலிருந்து ஒரு டிரம் நிரப்பிக் கொடுப்பார். மகள் ஜீவிதாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வந்து, குடம் குடமாக மொண்டு வரிசை வரிசையாக நனைப்பாள். சாயங்காலம் அவள் சேலையில் சிமெண்டு வாசனை வரும். எந்தச் சுவரில் ஆணி அடிப்பது என்றுகூடத் தீர்மானித்து வைத்திருந்தாள்.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லி வைத்தார்கள். யார் மனையில் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு மேல், லிண்டல் உயரத்துக்குச் சுவர் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒயர்க்கூடையோடு ஓர் அம்மாள் வந்து ரோட்டில் நின்றார். ஐம்பது தாண்டிய வயது, நெற்றியில் விபூதி. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். “இது என் சைட் இல்லையா?” என்று கன்னடத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

பெயர் மல்லம்மா என்றும், சாமராஜநகரில் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை என்றும் சொன்னார். எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. யாரோ தரகன் ஏமாற்றியிருக்கிறான், பாவம். நாற்காலி கொண்டுவரச் சொல்லி உட்காரவைத்து, இலவசமாகவே என் கடையைத் திறந்தேன். மூலப்பத்திரம் பார்த்தீர்களா அம்மா? கூடையிலிருந்து நகலை எடுத்தார். வில்லங்கச் சான்று? எடுத்தார். விற்றவரின் பிள்ளைகள் கையெழுத்து? மூன்று பேரும் போட்டிருந்தார்கள். கந்தாய ரசீது? இந்த வருஷத்தது. நான் கேட்டதற்கெல்லாம் அவரிடம் பதில் இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் காதில் விழுவதில்லை. அவர் மனை நூற்றுப் பத்தொன்பது. அது அடுத்தது அம்மா, அதோ, என்று கிழக்கே காட்டினேன்.

அது நூற்று இருபது, நஞ்சன்கூட்டு டீச்சருடையது, எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் பதிவு ஆயிற்று என்றார் மல்லம்மா. மேற்கே நூற்றுப் பதினெட்டு யாரோ ஃபேக்டரியில் வேலை பார்க்கிற தமிழர் வாங்கியதாகச் சொன்னார்கள், ஆளைப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அந்தத் தமிழன் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இருந்தாலும் விடவில்லை. அம்மா, தவறாக நினைக்காதீர்கள், மண் யாருடையதோ சுவர் அவருக்கு, அதனால் அளந்தே பார்த்துவிடுவோம் என்று அவருக்குச் சட்டமும் சொல்லிவிட்டு, கெம்பையனிடம் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்து மூலைக்கு அனுப்பினேன்.

மூலை வீட்டுக் காம்பவுண்டு அறுபது அடி இருந்தது.

டேப் கோளாறு என்றேன். முனையைத் திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தேன். அறுபது. சத்தம் கேட்டு மூலை வீட்டுக்காரர் வெளியே வந்தார். அவர் இரண்டு மனை வாங்கி, சேர்த்து ஒரே வீடாகக் கட்டியிருந்தார். இது இந்தத் தெருவுக்கே தெரியுமே சார் என்றார். ஒரு வீடென்றால் ஒரு மனை என்று எண்ணிய ஆள் இந்த லேஅவுட்டில் நான் ஒருவன்தான். எங்கேயிருந்து அளக்கிறோம் என்று இத்தனை வருஷம் விரலை உயர்த்திப் பாடம் நடத்தியவன் நாலு வரைக்கும் எண்ணத் தெரியாமல் நின்றேன். என் சொந்த மனை பக்கத்தில் கிடந்தது. அதன்மேல் ஆள் உயரத்துக்கு நான் கொட்டிய மண் இருந்தது. அந்தப் புண்ணியவானும் நானேதான்.

கெம்பையன் கரணையை வாளிக்குள் போட்டுவிட்டுப் பீடி பற்றவைத்தார். சொர்ணலதா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. மல்லம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அப்படின்னா இந்தச் சுவர் எனக்கா?”

நான் சொன்ன சட்டம்தான். தலையை ஆட்டினேன்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்த் தொட்டியில் துள்ளி. கம்பெனிக்கு விஷயம் எப்படிப் போயிற்றோ தெரியாது, எனக்கு முன்னால் போய்விட்டது. ஒருவர்கூட முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை, செந்தில்நாதன்கூட. என் மேஜைமேல் மட்டும் யாரோ சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார்கள். நியாயமான தீர்ப்பு என்று நானும் அதை அழிக்கவில்லை.

வக்கீலிடம் போனேன். இந்தத் தடவை அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை, நன்றாகப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்து வில்லங்கம் பார்த்தீர்களே, ஒரு தடவை விற்றவரை மனையில் நிறுத்தி, பக்கத்து மனைக்காரர்களையும் வைத்துக்கொண்டு நாலு எல்லையையும் காட்டச் சொல்லக் கூடாதா என்றார். வழக்கு போட்டுப் பார்க்கலாம், வருஷக்கணக்காகும், முடிவு எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அந்த அம்மாள் மனசு வைத்தால் இரண்டு மனையையும் மாற்றிக்கொண்டு பரிவர்த்தனைப் பத்திரம் போடலாம், இல்லாவிட்டால் கஷ்டம்தான் என்றார். தரகர் சித்தையன் ஒரு செய்தி கொண்டுவந்தார். மல்லம்மாவின் அண்ணன் மகன், பேசாமல் இரு அத்தை, அவனே கூரையும் போட்டு முடிக்கட்டும், அப்புறம் நாம் குடிபோகலாம் என்று சொல்லியிருக்கிறானாம். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. நான் அவர்கள் மேஜைக்கு வக்கீலாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

சாமராஜநகருக்குப் போனேன். விடுதிச் சமையலறையில் பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மல்லம்மா ஒரு தட்டில் ராகிக் களி வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். மனையை மாற்றிக்கொள்வதைப் பற்றிக் கேட்டேன். பதினெட்டு வருஷம் இந்த அடுப்பு முன்னால் நின்று வாங்கிய இடம் அது, நாலு பேரைக் கலக்காமல் சொல்ல முடியாது என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. வெட்கம்கூடப் போகட்டும், பழகிவிடும். ஆனால் அந்தச் சுவர் போய்விட்டால் என்னால் இந்த ஜன்மத்தில் இன்னொரு சுவர் எழுப்ப முடியாது. அது எனக்கும் தெரியும், சொர்ணலதாவுக்கும் தெரியும்.

வேலை நின்றுபோயிற்று. கெம்பையன் வேறு இடத்துக்குப் போய்விட்டார். ஆனால் ஒருநாள் சாயங்காலம் சொர்ணலதா சேலையில் அதே சிமெண்டு வாசனை வந்தது. விசாரித்தால், ஒருநாள்கூட விடாமல் போய்த் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தவர் சுவருக்கு நீ எதற்குப் பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் சுமக்கிறாய் என்று கத்தினேன். என்மேல் இருந்த கோபத்தை அவள்மேல் கொட்டினேன் என்பதுதான் உண்மை. மண் கொட்டுவதற்குப் பக்கத்து மனை தேடுகிற புத்திதான் அதுவும்.

அவள் திருப்பிக் கத்தவில்லை. “யாரு ஊடா இருந்தா என்னுங்க? பச்சைச் செவுரு. காஞ்சா வெடிச்சுப் போயிருமுங்க” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். இரண்டு பேரும் மாறி மாறி மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் மல்லம்மா ரோட்டில் நிற்கிறார், பக்கத்தில் அண்ணன் மகன். எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியாது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மல்லம்மா அவன் கையில் ஒயர்க்கூடையைக் கொடுத்து அவனைப் பேசவிடாமல் செய்தார். சொர்ணலதாவிடம் வந்து, போன வாரமும் வந்திருந்தேன், நீ என்னைப் பார்க்கவில்லை, அன்றைக்கும் தண்ணீர்தான் விட்டுக்கொண்டிருந்தாய் என்றார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். சுவர் அவருக்கு என்று தெரிந்தும் எதற்கு ஊற்றுகிறாய் என்று கேட்டார். சொர்ணலதா என்னிடம் சொன்ன அதே பதிலைத்தான் அவருக்கும் சொன்னாள். சொல்லிவிட்டு, குடத்தில் மிச்சம் இருந்ததையும் ஊற்றி முடித்தாள்.

மல்லம்மா சுவரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்றுதான் இருந்திருக்கும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மாத்திக்கலாம். ஆனா அந்த மண்ணை நீ அள்ளணும். கூலி ஆள் வேண்டாம், நீயே.” கூடவே, “நாளைக்கு என் செவுரு வரும்போது நான் சாமராஜநகர்ல இருப்பேன். அதுக்கு யார் தண்ணி ஊத்துவாங்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் சொர்ணலதா என்னைக் காட்டிவிட்டாள்.

கொட்டச் சொல்வதற்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அள்ளுவதற்கு இரண்டு மாதம் போயிற்று. ஷிஃப்டு முடிந்து நேராக வந்து, கூடை கூடையாக அள்ளித் தெருக்கோடியில் இருந்த பள்ளத்தை நிரப்பினேன். செந்தில்நாதன் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சட்டையைக் கழற்றி ஒரு மண்வெட்டியை எடுத்தார். வேண்டாம், நானே அள்ள வேண்டும் என்று வாக்கு என்றேன். அப்படியா, அப்ப உட்கார்ந்து பார்க்கிறேன் என்று கல்மேல் உட்கார்ந்துகொண்டார். பேச்சுத்துணைக்கு அவர் இருந்தது நல்லதாகத்தான் இருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினோம். இரண்டு மனைக்கும் ஸ்டாம்ப் டியூட்டி நான்தான். வீட்டுப் பிளானையும் லைசென்ஸையும் புது நம்பருக்கு மாற்ற மறுபடி அலைந்தேன். பதிவு ஆபீஸ் வராந்தாவில் பத்திரம் எழுதுகிறவர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தார். செக்குபந்தி வந்ததும், எல்லைக்கு மனை நம்பர் போட்டால் போதுமல்லவா என்று வழக்கம்போலக் கேட்டார். பேரையும் போடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழுதிப் படித்தார்: வேலாயுதம் மனைக்கு மேற்கே, மல்லம்மா அவர்களின் நூற்றுப் பதினெட்டாம் நம்பர் மனை.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்த சொர்ணலதா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, பொறுமையாகச் சொன்னாள்:

“பக்கத்துல யாருன்னு அன்னைக்கே கேட்டனுங்க. இப்பத்தான் பதில் வந்துச்சு.”

கம்பெனி முழுக்கக் கேட்ட கேள்விகளுக்கு உடனே உடனே பதில் சொன்னவன் நான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. மல்லம்மாவுக்குத் தமிழ் புரியும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், பக்கத்தில் வைத்திருந்த ஒயர்க்கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, சொர்ணலதாவுக்கு இடம் விட்டார்.